‘தானே ஓடும் ஜெனரேட்டர்’ கம்பெனியில் அப்பா பங்கு வாங்கலாமா?

பிறைக்காரன் (திங்கள் இரவு)

வணக்கம். அப்பா ஓய்வு பெற்றவர். சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தில் ஒரு பகுதி இன்னும் வங்கியில் இருக்கிறது. அதைக் குறித்துத்தான் கேட்கிறேன்.

பினாங்கில் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் காந்த ஜெனரேட்டர் ஒன்றைச் செய்திருக்கிறார். தொடக்கத்தில் மட்டும் ஒரு பேட்டரியால் சுழற்றிவிடுவாராம். பிறகு அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டாலும் அது ஓடிக்கொண்டே இருக்குமாம். ஐந்து கிலோவாட் மின்சாரமும் தருமாம். பெட்ரோல் வேண்டாம், சூரிய ஒளி வேண்டாம், மின்சாரக் கம்பெனியான டிஎன்பியின் பில்லும் வராது என்கிறார்.

நானும் அப்பாவோடு போய்ப் பார்த்தேன். இரும்புப் பெட்டி, நூற்றைம்பது கிலோ என்றார். ஆயிரம் வாட் ஹாலோஜன் விளக்கு ஒன்றும் மேசை விசிறி ஒன்றும் முக்கால் மணி நேரம் ஓடின. பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். காப்புரிமை கைக்கு வரும்வரை முடியாது என்றார். சுவரில் டத்தோ பட்டம் பெற்ற ஒருவரோடு கைகுலுக்கும் படம் மாட்டியிருந்தது.

ஒரு பங்கு பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்), முதல் நூறு பேருக்கு மட்டும் என்கிறார். அப்பா ஆயிரம் வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டார். மீதியை மாத இறுதிக்குள் கட்ட வேண்டும். அந்த மனிதர் கோயில் வேலைகளில் முன்னால் நிற்பவர். அப்பாவுக்கு அவர்மீது மரியாதை அதிகம். நான் சந்தேகப்பட்டால் அது அப்பாவுக்கே அவமானம் போல ஆகிவிடுகிறது. இது நடக்கக்கூடிய காரியமா? இல்லையென்றால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

மின்கம்பி (திங்கள் இரவு)

தம்பி, நான் சார்ஜ்மேன், உரிமம் பெற்ற மின்பணியாளர். தொழிற்சாலை மின்னறையில் தலை நரைத்தவன். நேராகச் சொல்கிறேன்: நடக்காது.

மோட்டார் ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது, ஜெனரேட்டர் மோட்டாருக்கே மின்சாரம் கொடுக்கிறது, மிச்சத்தை நமக்கும் தருகிறது என்பதுதான் இந்தப் பெட்டிகளின் கதை. நல்ல மோட்டார் வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறைச் சுழற்சியாக மாற்றும். நல்ல ஜெனரேட்டர் அந்தச் சுழற்சியில் தொண்ணூறை மீண்டும் மின்சாரமாக்கும். ஒரு சுற்று வந்தால் கையில் இருப்பது எண்பத்தொன்று. அடுத்த சுற்றில் அறுபத்தைந்து சொச்சம். நமக்குக் கொடுப்பதற்கு மிச்சம் எங்கிருந்து வரும்? காந்தம் தள்ளுகிறது என்பார்கள். தள்ளுகிற காந்தம் அடுத்த அரைச் சுற்றில் இழுக்கவும் செய்யும். கூட்டிக் கழித்தால் பூஜ்யம்.

நீங்கள் பார்த்ததற்கு என் விளக்கம் எளிது. ஆயிரத்து நூறு வாட் சுமை முக்கால் மணி நேரம் ஓடினால் செலவு 0.8 கிலோவாட்-மணி (பில்லில் வரும் ‘யூனிட்’ இதுதான்). 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லாரி பேட்டரி ஒன்றில் 1.2 கிலோவாட்-மணி இருக்கிறது. இரண்டு பேட்டரி, ஓர் இன்வெர்ட்டர், சத்தத்துக்குச் சுழலும் ஒரு சக்கரம். எல்லாம் சேர்ந்தும் நூறு கிலோ தாண்டாது. உள்ளே அப்படித்தான் இருக்கிறது என்று நான் சத்தியம் செய்யவில்லை. அப்படி இருந்தாலும் நீங்கள் பார்த்த காட்சியில் எந்த வித்தியாசமும் இருந்திருக்காது என்கிறேன்.

அம்பாங்வாசி (திங்கள் இரவு)

ஐந்து கிலோவாட் இலவசமாக வருகிறது என்றால் அந்தப் பட்டறைக்கு டிஎன்பி இணைப்பு எதற்கு? பில் எவ்வளவு வருகிறது என்று கேட்டீர்களா?

தண்ணீர்மலை (செவ்வாய் காலை)

எதிர்பார்த்ததுதான். நம்மவர் ஒருவர் ஏதாவது செய்தால் முதலில் கல்லெறிவது நம்மவர்தான்.

மின்கம்பி அண்ணன் பெட்டியைப் பார்க்காமலேயே தீர்ப்பு எழுதிவிட்டார். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பை முடிக்காதவர். 1937 இல் இந்தியாவில் மின்மோட்டார் செய்து காட்டினார். அவரை எத்தனை பேர் கேலி செய்தார்கள்? ரைட் சகோதரர்கள் யார்? சைக்கிள் கடைக்காரர்கள். 1903 இல் பறந்த பிறகும் பல ஆண்டுகள் பத்திரிகைகள் நம்பவில்லை. அமெரிக்க இராணுவம் 1905 இல் அவர்கள் கடிதத்தைத் தட்டிக் கழித்தது. அவர்களும்தான் இயந்திரத்தை ஒளித்து வைத்தார்கள். அன்று இந்த இணைய விவாத இழை இருந்திருந்தால் அவர்களையும் மோசடிக்காரர்கள் என்று எழுதியிருப்பீர்கள்.

இன்னொன்று. நம் ஆள் எங்கே போவார்? வங்கிக்குப் போனால் அடமானம் கேட்கிறார்கள். இந்தியச் சிறு வியாபாரிகளுக்கான தெக்குன் ஸ்பூமி கடனுக்குப் போனால் ஓடிக்கொண்டிருக்கும் வியாபாரம் கேட்கிறார்கள். ஆராய்ச்சி மானியத்துக்குப் போனால் பல்கலைக்கழகப் பேராசிரியர் துணை உண்டா என்கிறார்கள். நம் மக்களிடம்தான் கை நீட்ட வேண்டும். நீட்டினால் இப்படி.

பாயான் பொறியாளர் (செவ்வாய் மதியம்)

தண்ணீர்மலை, ரைட் சகோதரர்கள் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மீதியில்தான் நமக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது.

விமானம் செய்ய அவர்கள் யாரிடமும் பங்கு விற்கவில்லை. சைக்கிள் கடை லாபத்தில், ஆயிரம் டாலருக்கும் குறைவாகச் செலவழித்து அதைச் செய்தார்கள். பிறகு 1908 இல் அமெரிக்க இராணுவம் 25,000 டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. அந்த ஒப்பந்தத்தின் விதிகளைப் பாருங்கள்: இரண்டு பேரைச் சுமக்க வேண்டும், மணிக்கு 40 மைல் வேகம் வேண்டும், இராணுவம் பார்க்கப் பறந்து காட்ட வேண்டும். 40 மைலைத் தாண்டும் ஒவ்வொரு மைலுக்கும் பத்து விழுக்காடு கூடுதல். 1909 இல் பறந்து காட்டி, கூடுதலும் சேர்த்து 30,000 டாலர் வாங்கினார்கள். இயந்திரத்தை ஒளித்து வைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஒளித்து வைத்திருந்த காலத்தில் யாருடைய ஓய்வூதியப் பணத்தையும் கேட்கவில்லை.

நான் நாற்பது ஆண்டு தொழிற்சாலைப் பக்கம் இருந்தவன். புதிய இயந்திரத்தோடு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சிலர் ஏமாற்றுக்காரர்கள். பலர் தங்களைத் தாங்களே நம்பிக்கொண்ட நேர்மையானவர்கள். முகத்தை வைத்து இரு சாராரையும் பிரிக்க என்னால் முடிந்ததில்லை. அதனால் ஆளைப் பற்றிய விசாரணையையே விட்டுவிட்டேன். அளப்பது யார், அளந்தது பணம் கைமாறுவதற்கு முன்பா பின்பா என்று மட்டும் பார்க்கிறேன். பிறைக்காரன், அப்பாவிடமும் இதையே சொல்லலாம். அந்த மனிதரை யாரும் திருடன் என்று சொல்லத் தேவையில்லை.

பழைய கதை ஒன்று. 1813 இல் சார்லஸ் ரெட்ஹெஃபர் என்பவர் நியூயார்க்கில் தானே ஓடும் இயந்திரத்தைக் காசு வாங்கிக்கொண்டு காட்டினார். நீராவிக் கப்பல் புகழ் ராபர்ட் ஃபுல்டன் பார்க்கப் போனார். சக்கரம் சீராகச் சுழலாமல் விட்டுவிட்டு வேகமெடுப்பது அவருக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. கையால் சுற்றினால்தான் அப்படி வரும். பக்கத்துச் சுவர்ப் பலகையைப் பிடுங்கினார். நரம்புக் கயிறு ஒன்று சுவருக்குள் புகுந்து மேல்மாடிக்குப் போனது. அங்கே ஒரு கிழவர் ஒரு கையில் ரொட்டியைக் கடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கிழவருக்குச் சம்பளம் கிடைத்ததா என்பதுதான் எனக்கு இன்றுவரை கவலை.

லூனாஸ் டீச்சர் (செவ்வாய் மாலை)

ராமர் பிள்ளையை யாரும் சொல்லவில்லையே? நம் ஆட்கள் மறந்துவிட்டார்களா? 1996 இல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து மூலிகைப் பெட்ரோல் என்று கிளம்பினார். இங்கே எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். அரபு நாடுகள் இனி என்ன செய்யும் என்று என் மாமா இரக்கப்பட்டார்! தண்ணீரில் இலையைப் போட்டுக் கொதிக்கவைத்துக் கலக்கினால் எரிபொருள் வரும் என்று விஞ்ஞானிகள் முன்னிலையில் செய்தும் காட்டினார். கலக்குகிற கோல் உள்ளீடற்றது, அதற்குள்ளேதான் எரிபொருள் இருந்தது என்பது பிறகுதான் வெளியே வந்தது. 2000 இல் சிபிஐ கைது செய்தது. 2016 இல் சென்னை நீதிமன்றம் மூன்று ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. இடையில் பணம் போட்டவர்கள் பாவம்.

படித்தவர்கள் பார்த்தார்கள் என்பதால் மட்டும் ஒன்றும் ஆகிவிடாது. இலையைப் பார்த்தார்கள், பாத்திரத்தைப் பார்த்தார்கள், கோலைப் பார்க்கவில்லை.

செந்தூல் கணக்கர் (செவ்வாய் இரவு)

நான் கம்பெனிச் செயலாளர் வேலை பார்க்கிறேன். காந்தம் சுற்றுமா சுற்றாதா என்பது எனக்குத் தெரியாது. பங்கு விற்பது பற்றித் தெரியும்.

‘முதல் நூறு பேர்’ என்ற சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன். 2016 ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி ஒரு தனியார் செண்டிரியான் பெர்ஹாட் கம்பெனியில் ஐம்பது பங்குதாரர்களுக்கு மேல் இருக்க முடியாது. பொதுமக்களிடம் பங்கு வாங்குங்கள் என்று அழைப்பு விடுக்கவும் கூடாது. பொதுமக்களிடம் விற்க வேண்டுமானால் மூலதனச் சந்தைச் சட்டப்படி விவரணக் கையேடு (பிராஸ்பெக்டஸ்) பதிவு செய்ய வேண்டும். பட்டறையில் விளக்கு எரியவிட்டு நூறு பேரிடம் பத்தாயிரம் வாங்குவது இதில் எதிலும் அடங்காது.

தண்ணீர்மலை அண்ணன் வழி இல்லை என்கிறார். வழி இருக்கிறது. பங்குப் பத்திர ஆணையம் 2015 இல் கூட்டுப் பங்கு நிதி திரட்டும் இணையத்தளங்களுக்கு அனுமதி கொடுத்தது. சிறு கம்பெனிகள் அதன் வழியாகப் பொதுமக்களிடம் பணம் திரட்டலாம். சாதாரண முதலீட்டாளர் ஒரு கம்பெனியில் ஐயாயிரம் வெள்ளிக்கு மேல் போட முடியாது, பன்னிரண்டு மாதத்தில் மொத்தமாக ஐம்பதாயிரத்துக்கு மேல் போட முடியாது என்ற வரம்போடுதான் அது வந்தது. எதற்காக அந்த வரம்பு? உங்கள் அப்பா போன்றவர்களுக்காகத்தான். தளம் நடத்துபவர்கள் கம்பெனியின் பின்னணியையும் சரிபார்ப்பார்கள். அந்தச் சரிபார்ப்பு வேண்டாம் என்பவர்தான் நேராக வீட்டுக்கு வருவார்.

பிறைக்காரன், இன்றே இவற்றைப் பாருங்கள்: எஸ்எஸ்எம் (கம்பெனிகள் ஆணையம்) தளத்தில் கம்பெனி விவரத்தை வாங்குங்கள், சில வெள்ளிதான் ஆகும். இயக்குநர் யார், செலுத்திய மூலதனம் எவ்வளவு, கணக்கு தாக்கல் செய்திருக்கிறார்களா என்று தெரியும். அப்பாவின் ஆயிரம் வெள்ளி கம்பெனிக் கணக்குக்குப் போனதா தனியாள் கணக்குக்குப் போனதா? ரசீதில் என்ன எழுதியிருக்கிறது? காப்புரிமை பற்றியும் ஒரு சொல்: காப்புரிமை வழங்கும் மைஐபிஓவில் விண்ணப்பம் போட்டால் யாருக்கும் ஓர் எண் கிடைக்கும். அது விண்ணப்பத்தின் எண். காப்புரிமை வழங்கப்பட்டதற்கு அது சான்று ஆகாது. மேலும், விண்ணப்பம் போட்ட நாளே அவருக்குப் பாதுகாப்பு. அதன் பிறகு பெட்டியைத் திறந்து காட்டுவதால் அவருடைய உரிமை போய்விடாது.

தண்ணீர்மலை (புதன் காலை)

கணக்கர் சொன்ன சட்டம் சரியாக இருக்கலாம். ஆனால் அந்தத் தளங்களில் ஏறுவதற்கே கணக்காய்வு, வழக்கறிஞர், வியாபாரத் திட்டம் என்று எத்தனை ஆயிரம்? தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு இரும்பு வெட்டிக்கொண்டிருக்கும் மனிதருக்கு அது எட்டாது.

பொறியாளர் ஐயா அளவுதான் முக்கியம் என்கிறார். அளந்தவர்களை உலகம் என்ன செய்தது? 1989 இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிளைஷ்மனும் பான்ஸும் சூரியனுக்குள் நடக்கும் அணுக்கரு இணைவு சாதாரண வெப்பநிலையிலேயே நடக்கிறது என்று அளந்து சொன்னார்கள். இருவரும் பேர்பெற்ற வேதியியலாளர்கள். சில மாதத்தில் அவர்களைக் கோமாளிகளாக்கி விரட்டினார்கள். இத்தாலிக்காரர் ரோஸியின் வெப்பக் கருவியைப் பேராசிரியர்களே வந்து அளந்தார்கள். அதையும் அமுக்கினார்கள். எண்ணெய்க் கம்பெனிகளுக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல முடியுமா?

பாயான் பொறியாளர் (புதன் இரவு)

நல்ல இரண்டு உதாரணங்களைக் கொண்டு வந்திருக்கிறீர்கள். எனக்கும் இவற்றில் ஆர்வம் உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண வெப்பநிலையில் நடப்பதாகச் சொன்ன அந்தக் ‘குளிர் இணைவை’ வாய்ப்பே கொடுக்காமல் விரட்டினார்கள் என்பது சரியில்லை. மார்ச் 23, 1989 அன்று செய்தியாளர் கூட்டம் நடந்தது. சில வாரங்களிலேயே யூட்டா மாநிலம் ஐம்பது லட்சம் டாலர் ஒதுக்கி, அதற்கென்றே ஒரு நிறுவனம் திறந்தது. 1991 இல் அது மூடப்பட்டது. உலகம் முழுக்க ஆய்வகங்கள் செய்து பார்த்து, அவர்கள் சொன்ன கூடுதல் வெப்பத்தைத் தாங்களும் பெற முடியாமல் கைவிட்டன. சதி என்றால் முதலில் பணம் ஏன் வந்தது? பிறகும் கதவு மூடவில்லை. 2015 இலிருந்து கூகுள் ஒரு கோடி டாலர் அளவில் செலவிட்டு, முப்பது பேர் கொண்ட குழுவை வைத்து மீண்டும் தேடியது. 2019 இல் நேச்சர் இதழில் முடிவு வந்தது: குளிர் இணைவுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் போகிற வழியில் உலோகத்துக்குள் ஹைட்ரஜனைத் திணிப்பது பற்றியும் வெப்பத்தைத் துல்லியமாக அளப்பது பற்றியும் பயனுள்ள வேலை நடந்தது. 2023 இல் அமெரிக்க அரசின் ஆற்றல் ஆராய்ச்சி அமைப்பான ஆர்பா-இ எட்டுக் குழுக்களுக்கு மேலும் ஒரு கோடி டாலர் கொடுத்தது. இது நடக்குமா நடக்காதா என்று தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே கொடுத்த பணம். விசித்திரமான யோசனைக்குப் பணம் போடுவதில் தவறே இல்லை. அளப்பதற்கென்று போட வேண்டும், இழந்தால் தாங்கக்கூடியவர் போட வேண்டும்.

ரோஸி விஷயம் வேறு. 2011 இல் போலோனாவில் இ-கேட் என்று காட்டினார். தண்ணீர் உள்ளே போகும், நீராவி வெளியே வரும். அந்த நீராவியின் வெப்பம் உள்ளே கொடுத்த மின்சாரத்தைவிடப் பல மடங்கு என்றார். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு கிலோ தண்ணீரை முழுவதும் ஆவியாக்க சுமார் 2,260 கிலோஜூல் வேண்டும். அதே தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 300 சொச்சம் போதும். ஆக, வெளியே வருவது உலர்ந்த நீராவியா அல்லது பாதித் தண்ணீர்த் துளிகளோடு வரும் ஈர நீராவியா என்பதைச் சரியாகப் பார்க்காவிட்டால் கணக்கு பல மடங்கு ஊதிப் பெருத்துவிடும். விமர்சகர்கள் முதல் நாளிலிருந்தே கேட்டது இதைத்தான்.

இன்டஸ்ட்ரியல் ஹீட் என்ற அமெரிக்கக் கம்பெனி அவருக்கு 1.15 கோடி டாலர் கொடுத்தது. அமுக்கப்பட்ட மனிதருக்குக் கிடைத்த தொகை இது. ஃபுளோரிடாவில் ஓராண்டு சோதனை நடந்தது. நீராவியை வாங்கிக்கொண்ட வாடிக்கையாளர் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர் ரோஸியின் வழக்கறிஞரே என்பது பிறகு வழக்கில் வெளிவந்தது. மீதி 8.9 கோடி டாலர் வேண்டும் என்று அவர் 2016 இல் வழக்குப் போட்டார். சோதனை நம்பத்தக்கதல்ல, அந்த வெப்பத்தை எங்களால் பெற முடியவில்லை என்று கம்பெனி சொன்னது. 2017 இல் சமரசமாக முடிந்தது. இன்றுவரை இ-கேட் தருவதாகச் சொல்லும் வெப்பத்தைச் சுதந்திரமான ஓர் ஆய்வகம் அளந்து உறுதி செய்யவில்லை. கோடிக்கணக்கில் பணம் வைத்திருந்தவர்களே யார் அளப்பது என்ற இடத்தில் வழுக்கினார்கள். நம் பிறைக்காரனின் அப்பா எம்மாத்திரம்?

அயர்லாந்தின் ஸ்டியோர்ன் கம்பெனியும் காந்தத்தால் இலவச ஆற்றல் கிடைக்கிறது என்று 2006 இல் பத்திரிகை விளம்பரம் கொடுத்து, தானாகவே ஒரு விஞ்ஞானிகள் நடுவர் குழுவை அழைத்தது. இருபத்திரண்டு பேர். 2009 இல் அவர்கள் ஒரே குரலில், ஆற்றல் உற்பத்தியாவதாகக் காட்டப்படவில்லை என்றார்கள். அதன் பிறகும் கம்பெனிக்குப் பணம் போட ஆள் கிடைத்தார்கள். மனித மனம்!

ஆழ்கடல் (வியாழன் காலை)

கோலாலம்பூரில் ஆராய்ச்சி மாணவி. தண்ணீர்மலை அண்ணன் சொன்ன பணப் பிரச்சினையை எல்லாரும் தள்ளிவிட்டுப் போகிறீர்கள். அது பொய்யில்லை. விசித்திரமாகத் தெரிகிற, ஆனால் இயற்பியலுக்கு உட்பட்ட ஒரு தொழில்நுட்பத்தைச் சொல்கிறேன்.

கடல் வெப்ப ஆற்றல் என்று ஒன்று இருக்கிறது. நம் பக்கத்துக் கடலில் மேல்மட்டத் தண்ணீர் 28, 29 டிகிரி. ஆயிரம் மீட்டர் ஆழத்தில் 5 டிகிரி. அந்த வித்தியாசத்தை வைத்து ஒரு திரவத்தை ஆவியாக்கி, டர்பைனைச் சுழற்றி, மீண்டும் குளிரவைக்கலாம். இதை முதலில் சொன்னது 1881 இல் ஒரு பிரெஞ்சுக்காரர். 1930 இல் ஜார்ஜ் கிளாட் கியூபாக் கரையில் செய்து காட்டினார். 22 கிலோவாட் வந்தது, ஆனால் பம்புகள் அதைவிட அதிகம் தின்றன. 2015 இல் ஹவாயில் 100 கிலோவாட் ஆலை இயங்கத் தொடங்கியது. கோலாலம்பூரில் யூடிஎம் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஓர் ஆய்வு மையம் உண்டு. ஜப்பானிய ஒத்துழைப்போடு போர்ட்டிக்சனில் சிறிய சோதனைக் கருவியும் உண்டு. சபா கடலில் தேவையான ஆழம் இருக்கிறது.

ஆனால் இந்த வெப்ப வித்தியாசத்தில் இயற்கை அனுமதிக்கும் உச்சத் திறனே எட்டு விழுக்காட்டுக்குள்தான். நடைமுறையில் மூன்று கிடைத்தால் பெரிது. மிகப் பெரிய குழாயை ஆயிரம் மீட்டருக்கு இறக்க வேண்டும். பாதிக் குழாயில் பாதி மின்சாரம் வராது. முழுப் பணமும் முதலிலேயே வேண்டும். அதனால் நூறு ஆண்டாக இது ‘அடுத்த கட்டத்தில்’ நிற்கிறது. நம் நாட்டில் புதிய தொழில்களுக்கு அரசு தரும் கிரேடல் ஸ்பார்க் மானியம் ஒன்றரை லட்சம் வெள்ளி வரை. ஒரு மென்பொருளைத் தொடங்க அது போதும். கடலுக்குள் குழாய் இறக்க அதை வைத்து என்ன செய்வது? கூட்டங்களில் நாங்கள் நின்று “மூன்று விழுக்காடு” என்று சொல்லும்போது கேட்பவர்களின் முகம் தொங்கிப்போகும். அடுத்த நாள் வேறொருவர் வந்து நூற்றுக்கு முந்நூறு என்கிறார். பணம் யார் பக்கம் போகும்?

எனக்குக் கோபம் அதில்தான். அந்தப் பட்டறைக்காரர் எடுப்பது உங்கள் அப்பா பணத்தை மட்டுமல்ல. அடுத்த முறை நாங்கள் போய் நிற்கும்போது, ‘ஏற்கெனவே ஒருவர் இப்படித்தான் சொன்னார்’ என்று கதவைச் சாத்துவார்கள்.

அம்பாங்வாசி (வியாழன் மதியம்)

தங்கை சொன்னது சரி. என் மாமியார் சுவரில் செருகும் மின்சேமிப்புப் பெட்டி வாங்கியிருக்கிறார். பச்சை விளக்கு எரிகிறது, பில் குறையவில்லை. இப்போது மகன் கூரையில் சோலார் போடலாம் என்றால் அதுவும் பச்சை விளக்குதான் என்கிறார்.

மின்கம்பி (வியாழன் இரவு)

அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்ன கெப்பாசிட்டர், மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் பாகம், இருக்கும். வீட்டு மீட்டர் கிலோவாட்-மணியைத்தான் எண்ணுகிறது. கெப்பாசிட்டர் அதைத் தொடுவதில்லை. தொழிற்சாலைக்குப் பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பயன்படுகிறது என்ற அளவு) குறைந்தால் அபராதம் உண்டு, அங்கே கெப்பாசிட்டருக்கு வேலை இருக்கிறது. அந்த உண்மையைத்தான் வீட்டுக்கு இழுத்து வந்து விற்கிறார்கள்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். தண்ணீர்மலை தம்பி அந்த மனிதரிடம் காசில்லை என்கிறார். பட்டறையிலேயே, ஆய்வகம் இல்லாமல், ஐந்நூறு வெள்ளிக்குள் செய்யக்கூடிய சோதனை இது.

பெட்டியை நான்கு மரக்கட்டைகள்மீது தூக்கி வைக்க வேண்டும். அடியில் கை விட்டுப் பார்க்க இடம் வேண்டும். பெட்டியைத் திறக்க வேண்டாம், இரகசியம் அவரோடே இருக்கட்டும். முதல் சுழற்சிக்குக் கொடுத்த பேட்டரியை அறையைவிட்டே வெளியே எடுத்துப் போக வேண்டும். வெளியே வரும் கம்பி ஒன்றே ஒன்று. அதில் நம்முடைய கிளாம்ப் மீட்டர் (கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளப்பது), அவருடையதல்ல.

சுமைக்குக் குளியலறை ஹீட்டர். 3.6 கிலோவாட் ஹீட்டர் வழியாக நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் ஓடினால், தண்ணீர் சுமார் 26 டிகிரி சூடேற வேண்டும். வாளியும் கடிகாரமும் தெர்மாமீட்டரும் போதும். மீட்டரில் யாராவது விளையாடியிருந்தாலும் தண்ணீர் பொய் சொல்லாது. மிச்சம் 1.4 கிலோவாட்டுக்கு ஹாலோஜன் விளக்குகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஐந்து, அவர் சொன்ன அதே ஐந்து.

எவ்வளவு நேரம் என்பதுதான் உயிர்நாடி. இன்றைய நல்ல லித்தியம் பேட்டரியில் கிலோவுக்கு 0.2 கிலோவாட்-மணி இருக்கும். நூற்றைம்பது கிலோ பெட்டி முழுவதும் பேட்டரி என்றே வைத்துக்கொண்டாலும் முப்பது கிலோவாட்-மணி. ஐந்து கிலோவாட்டில் ஆறு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே மூன்று நாள், இரவும் பகலும் நிறுத்தாமல். 360 கிலோவாட்-மணி. எந்தப் பேட்டரியாலும் அந்த எடையில் முடியாது. பெட்ரோல் என்ஜினை ஒளித்து வைத்தால் புகை காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்று நாள் ஓடினால் நானே முதல் பங்கு வாங்குகிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அரைச் சுமை போதும், ஐந்து மணி நேரம் போதும் என்று அவர் பேரம் பேசினால், எந்தக் கணக்கை மனதில் வைத்துப் பேசுகிறார் என்று உங்களுக்கே புரியும்.

தண்ணீர்மலை (வியாழன் இரவு)

சோதனையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நீங்கள் சோதிக்கப் போவது சந்தேகத்தோடு. பெரிய கம்பெனி ஆள் கோட்டுப் போட்டு வந்தால் இப்படிக் கட்டைமேல் தூக்கி வைக்கச் சொல்வீர்களா? இங்கே இருப்பவர்களுக்கு அடிமைப் புத்தி.

நெறியாளர் (வெள்ளி காலை)

‘அடிமைப் புத்தி’ என்ற சொல்லுக்குப் பதில் எழுதிய நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஆளை விட்டுவிட்டு விஷயத்தைப் பேசுங்கள்.

பாயான் பொறியாளர் (வெள்ளி மதியம்)

கோட்டுப் போட்டவர்களிடமும் கேட்பார்கள், இதைவிடக் கடுமையாகவே. கலிபோர்னியா லேசர் ஆய்வகத்தில் டிசம்பர் 2022 இல் அணுக்கரு இணைவு நடந்தபோது, எரிபொருள்மீது விழுந்த லேசர் 2.05 மெகாஜூல், வெளிவந்தது 3.15. உலகமே கொண்டாடியது. அன்றே அடுத்த கேள்வி: லேசருக்காகச் சுவரிலிருந்து எடுத்த மின்சாரம் எவ்வளவு? சுமார் 300 மெகாஜூல் என்று அவர்களே சொன்னார்கள். மறைக்கவில்லை, கோபப்படவில்லை. எந்த எல்லைக்குள் அளந்தோம் என்பதைச் சொன்னார்கள்.

பிறைக்காரன் (அடுத்த செவ்வாய் இரவு)

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

பொறியாளர் ஐயா சொன்னபடி அப்பாவிடம் அந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மின்கம்பி அண்ணன் எழுதிய சோதனையைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அப்பா தொழிற்சாலையில் இருந்தவர்தானே, படித்ததும் அவருக்கே பிடித்துவிட்டது. தானே எடுத்துக்கொண்டு போனார். என்னைக் கூப்பிடவில்லை.

பட்டறைக்காரர் முதலில் சரி என்றாராம். பிறகு மூன்று நாள் ஓடினால் பேரிங் சூடாகும், ஆறு மணி நேரம் போதும் என்றாராம். சுமை இரண்டு கிலோவாட் மட்டும். கட்டைமேல் தூக்கி வைத்தால் காந்தத்தின் சமநிலை கெடுமாம். மீட்டர் அவருடையதாகத்தான் இருக்க வேண்டுமாம். கடைசியில், வெளிநாட்டு முதலீட்டாளர் அடுத்த மாதம் வருகிறார், அதற்குள் பங்கு விலை இருபதாயிரம் ஆகிவிடும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றாராம்.

அப்பா வீட்டுக்கு வந்து தேநீர் கேட்டார். மீதி ஒன்பதாயிரம் போகவில்லை. ஆனால் முன்பணத்தைத் திரும்பத் தர முடியாது என்கிறார்கள். கணக்கர் அக்கா கேட்டதால் ரசீதைத் தேடிப் பார்த்தேன். ‘ஆய்வுப் பணிக்கான பங்களிப்பு’ என்று எழுதியிருக்கிறது. பங்கு என்ற சொல்லே இல்லை. பணம் போனதும் தனியாள் கணக்குக்குத்தான்.

செந்தூல் கணக்கர் (அடுத்த செவ்வாய் இரவு)

நினைத்தேன். ரசீது, வங்கிப் பரிமாற்றச் சான்று, பங்கு விலை பற்றி வாட்ஸ்அப்பில் வந்த செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பங்கு என்று சொல்லி வாங்கினார் என்பதற்கு அந்தச் செய்திகள்தான் சாட்சி. பதினான்கு நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். வரவில்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு. ஐயாயிரம் வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலேயே போடலாம். பினாங்கில் இருக்கிறீர்கள்; கடிதம் எழுத உதவி வேண்டுமானால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் போய்க் கேளுங்கள். பங்குப் பத்திர ஆணையத்துக்கும் புகார் எழுதுங்கள். மற்ற தொண்ணூற்றொன்பது பேர் யார் என்று நமக்குத் தெரியாது.

தண்ணீர்மலை (புதன் காலை)

ரசீதில் அப்படி எழுதியது முறையல்ல, அதை நானும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ரசீது தப்பு என்பதால் இயந்திரம் தப்பு என்று ஆகிவிடாது. எனக்கு அந்த மனிதரை ஓரளவு தெரியும். சனிக்கிழமை நானே போகிறேன். ஹீட்டர் என் மச்சான் கடையில் இருக்கிறது. மூன்று நாள் ஓட்டச் சொல்லிப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறேன்.

மின்கம்பி (புதன் இரவு)

போய்ப் பாருங்கள் தம்பி, இது கேலியல்ல. கிளாம்ப் மீட்டர் என்னிடம் இரண்டு இருக்கின்றன, ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி இரவு ஏழு மணிக்கு மேல் பட்டர்வொர்த் படகுத்துறைப் பக்கம் இருப்பேன், தனிச்செய்தியில் எண்ணை அனுப்புங்கள். ஹீட்டருக்கு எர்த் கம்பி கட்டாயம் போடுங்கள். தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாக இருக்கும் இடத்தில் படுத்துத் தூங்க வேண்டாம்.